திரும்பத் திரும்ப வரும் வெள்ளைப் புள்ளி: மீன் தொட்டி ஒட்டுண்ணிகளை முழுமையாக நீக்கும் முறை, சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும்

மீனின் மேல் உப்பைத் தூவிவிட்டது போல வெள்ளைப் புள்ளிகள். கடையில் மருந்து வாங்கி ஊற்றுகிறோம். நான்கைந்து நாளில் புள்ளி போய்விடுகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே புள்ளி, இந்த முறை இன்னும் அதிகமாக. இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டு மீன் வளர்ப்பதையே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஏற்காட்டில் இருக்கும் என் மச்சான் வீட்டுக் கோல்டு ஃபிஷ்களுக்கு ஒரே குளிர்காலத்தில் மூன்று முறை வந்தது. அம்மாபேட்டையில் என் வீட்டுத் தொட்டியில் பலன் தந்த அதே மருந்தைத்தான் அவரும் வாங்கினார், அதே ஐந்து நாள் ஊற்றினார். நான்காம் முறை நான் மேலே போனபோது தொட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். 17 டிகிரி. மூன்று முறையும் ஏன் தோற்றது என்பது அப்போதுதான் புரிந்தது. நோய் திரும்பி வரவில்லை. அது போகவே இல்லை.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். மருந்து எட்டாவதாகத்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஏழு படிகளையும் தாண்டிக் குதித்து மருந்துக்குப் போவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

1. அது வெள்ளைப் புள்ளி நோய்தானா என்று பாருங்கள்

ஒவ்வொரு புள்ளியும் சர்க்கரைத் துகள் அளவு, தனித்தனியாக, தோலிலிருந்து கொஞ்சம் மேடாக இருந்தால் அது வெள்ளைப் புள்ளி நோய். முதலில் துடுப்பிலும் வாலிலும் தெரியும். மீன் கல்லிலும் ஹீட்டரிலும் உடம்பை உரசிக்கொண்டே இருக்கும்.

ஆண் கோல்டு ஃபிஷ்ஷுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் முதல் முள்ளிலும் வெள்ளை மணிகள் வரிசையாக வரும். அது நோயே இல்லை. அதற்குப் போய் மருந்து ஊற்றியவர்கள் நிறையப் பேர். மணிகள் அந்த இரண்டு இடத்தில் மட்டும் இருந்து, மீன் நன்றாகச் சாப்பிட்டால் விட்டுவிடுங்கள்.

புள்ளி மிகப் பொடியாக, மாவு தூவியது போல மஞ்சள் பளபளப்போடு இருந்தால் அது வேறு ஒட்டுண்ணி, வெல்வெட் என்பார்கள். அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் தங்கத் தூள் போல மின்னும். புள்ளியே இல்லாமல் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால் செவுளுக்குள் ஏதாவது இருக்கலாம், அல்லது தண்ணீரே கெட்டிருக்கலாம். இதையெல்லாம் ஐந்தாவது, பத்தாவது படிகளில் பார்ப்போம்.

2. புள்ளி மறைவது குணமாவது அல்ல: காரணத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

இந்த ஒரு பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

வெள்ளைப் புள்ளியை உண்டாக்கும் உயிரியின் பெயர் இக்தியோப்தீரியஸ். சுருக்கமாக இக். ஒரே செல் உள்ள உயிர். அதற்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து தின்று வளர்கிறது. நாம் பார்க்கும் புள்ளி இதுதான். தோல் அதை மூடியிருப்பதால் தண்ணீரில் ஊற்றும் மருந்து அங்கே போய்ச் சேராது.

வளர்ந்து முடித்ததும் அது மீனை விட்டு உதிர்ந்து, கல்லிலோ செடியிலோ ஃபில்டர் பஞ்சிலோ ஒட்டி, தன்னைச் சுற்றி ஒரு உறை கட்டிக்கொள்கிறது. இது இரண்டாம் கட்டம். மீனின் மேல் புள்ளி காணாமல் போவது இப்போதுதான். நாம் "சரி, போய்விட்டது" என்று மருந்தை நிறுத்துகிறோம். ஆனால் அந்த உறைக்குள் அது பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் குட்டிகளாகிறது. உறைக்குள்ளும் மருந்து போகாது.

மூன்றாவது கட்டத்தில் உறை உடைந்து குட்டிகள் தண்ணீரில் நீந்தி மீனைத் தேடுகின்றன. ஏறக்குறைய இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். மருந்தோ உப்போ கொல்வது இந்தக் கட்டத்தை மட்டும்தான். ஆகவே வைத்தியம் என்பது கடைசி உறை உடைந்து கடைசிக் குட்டி வெளியே வரும் வரைக்கும் தண்ணீரில் மருந்து காத்திருப்பது. புள்ளி இருக்கிறதா இல்லையா என்பது கணக்கே இல்லை.

இந்தச் சுற்று எத்தனை நாளில் முடியும் என்பதைத் தண்ணீரின் வெப்பம் தீர்மானிக்கிறது. 24 முதல் 26 டிகிரி வரை இருந்தால் மூன்று முதல் ஆறு நாள். 15 டிகிரி அளவுக்கு இறங்கினால் சுமார் பத்து நாள். இன்னும் குளிர்ந்தால் ஒரு மாதத்தைத் தாண்டும். சேலத்தில் ஏப்ரலில் ஐந்து நாள் மருந்து ஏறக்குறைய ஒரு முழுச் சுற்றைப் பிடித்துவிடும். ஏற்காட்டில் டிசம்பரில் அதே ஐந்து நாளில் ஒரு சுற்று முடியாது; மருந்து நின்ற பிறகுதான் குட்டிகள் வெளியே வரும். மச்சான் வீட்டில் நடந்தது இதுதான்.

"இக் எல்லாத் தொட்டியிலும் எப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும்" என்று பலர் சொல்வார்கள். அப்படி மாதக்கணக்கில் மீன் இல்லாமல் தூங்கும் கட்டம் அதற்குக் கிடையாது. திரும்ப வருகிறது என்றால் இரண்டே வழிதான்: செவுளில் ஒன்றிரண்டு மிச்சம் இருந்திருக்கும், அல்லது நாம் புதிதாக உள்ளே விட்டிருப்போம்.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தெர்மாமீட்டர், ஹீட்டர், ஏர் பம்ப், சைஃபன் குழாய், கிராம் காட்டும் சமையலறைத் தராசு, கல்லுப்பு, குளோரின் நீக்கும் சொட்டு மருந்து, அம்மோனியா (மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நஞ்சு) சோதிக்கும் கிட், ஒரு நோட்டு. தொட்டிக்கென்றே ஒரு வாளியும் ஒரு வலையும் தனியாக இருக்கட்டும்.

இதில் பலரிடம் இல்லாதது தராசும் நோட்டும். "ஒரு கைப்பிடி உப்பு" என்பது என் கைக்கும் உங்கள் கைக்கும் ஒன்றல்ல. நோட்டு எதற்கு என்றால், மூன்றாம் நாள் நாம் என்ன ஊற்றினோம் என்பது ஐந்தாம் நாள் நிச்சயமாக மறந்துவிடும்.

ஹீட்டர் வாங்கும்போது ஊரைப் பாருங்கள். 45 லிட்டர் தொட்டிக்குச் சேலத்தில் 50 வாட் போதும். ஏற்காட்டில் 17 டிகிரியிலிருந்து ஏற்ற வேண்டும் என்றால் 100 வாட் வேண்டும். சிறிய ஹீட்டர் இரவெல்லாம் எரிந்தும் எட்டாது.

இரண்டு வாரம் தொடர்ந்து செய்யும் வேலை இது. இடையில் ஊருக்குப் போக வேண்டியிருந்தால், அல்லது பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்தடை இருக்கும் என்றால் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று இருந்தால் நிம்மதி.

4. தண்ணீர் எத்தனை லிட்டர் என்று கணக்கிடுங்கள்

நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000-ஆல் வகுங்கள். இரண்டடித் தொட்டியில் 60 × 30 × 27 என்றால் 48.6 லிட்டர். அடியில் நான்கு சென்டிமீட்டர் கல் இருந்தால் அது நான்கு லிட்டர் அளவு இடத்தைப் பிடிக்கும். ஆக 45 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடியின் முழு உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் மருந்து கூடிப்போகும். அது மீனைக் கொல்லும். குறைத்துப் போட்டால் நோய் மிஞ்சும்.

5. மருந்துக்கு முன் தண்ணீர்

அம்மோனியா சோதித்துப் பாருங்கள். சுழியத்துக்கு மேல் எது காட்டினாலும் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். அம்மோனியாவில் செவுள் எரிந்திருக்கும் மீன் மருந்தைத் தாங்காது. எதிர்ப்புச் சக்தியும் இருக்காது.

சேலத்துக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினம். பிஹெச்சும் (தண்ணீரின் அமில-கார அளவு) மேலேயே நிற்கும். பிஹெச் கூடக்கூட, வெப்பம் கூடக்கூட, அதே அளவு அம்மோனியாவின் நச்சுத்தன்மை பெருகும். அடுத்த படியில் நாம் வெப்பத்தைத்தான் ஏற்றப் போகிறோம். அதனால்தான் தண்ணீர் மாற்றுவதை அதற்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

சைஃபனை கல்லுக்குள் குத்தி அடி அழுக்கை இழுத்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். உதிர்ந்த உறைகளில் ஒரு பகுதி இதிலேயே வெளியேறிவிடும். சிகிச்சை முழுவதும் இரண்டு நாளுக்கு ஒருமுறை அடிக் கல்லை இப்படி உறிஞ்சுங்கள். இது மருந்துக்குச் சமமான வேலை.

குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். சொட்டு மருந்து போடாமல் ஊற்ற வேண்டாம். மே மாதத்தில் மொட்டை மாடி டேங்க் தண்ணீர் மதியத்தில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், ஆகவே காலையிலேயே பிடித்து வையுங்கள். ஏற்காட்டில் இதற்கு நேர்மாறு. குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் வெந்நீர் கலந்து, தொட்டியின் டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகு ஊற்றுங்கள். குளிர்ந்த தண்ணீரை அப்படியே ஊற்றி மூன்று நான்கு டிகிரி திடீரென்று இறங்கினால் அந்த அதிர்ச்சியே நோயைக் கிளப்பிவிடும்.

தண்ணீர் மாற்றும்போதெல்லாம் ஹீட்டர் பிளக்கைக் கழற்றுங்கள். கண்ணாடி வெளியே தெரிந்து சூடேறினால் வெடிக்கும். உங்கள் கையும் தண்ணீருக்குள் இருக்கும்.

6. ஃபில்டரில் இருக்கும் கரியை எடுத்துவிட்டு, காற்றைக் கூட்டுங்கள்

கரி மருந்தை உறிஞ்சிவிடும். அதை மட்டும் எடுத்தால் போதும்; பஞ்சும் மற்றவையும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பயந்துபோய் ஃபில்டரையே நிறுத்திவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டே நாளில் அம்மோனியா ஏறிவிடும்.

சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். செவுள் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட மீனுக்கு அது பெரிய விஷயம். அதனால் கூடுதல் ஏர் ஸ்டோனை (காற்றுக் குமிழ் விடும் கல்) வெப்பம் ஏற்றுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

7. வெப்பமும் உப்பும்

ஏஞ்சல், மோலி, கப்பி, கௌராமி போன்ற வெப்ப நீர் மீன்களுக்கு 30 டிகிரி வரை ஏற்றலாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் வேண்டாம். வெப்பம் இரண்டு வேலை செய்கிறது. சுற்றை விரைவாக ஓடவைத்து, குட்டிகளை மருந்துக்குள் சீக்கிரம் கொண்டுவருகிறது. 30-ல் பல இக் வகைகள் பெருகுவதையே நிறுத்திவிடுகின்றன. ஆனால் சூட்டுக்குப் பழகிய வகைகளும் உண்டு, ஆகவே வெப்பத்தை மட்டும் நம்ப நான் தயாரில்லை.

கோல்டு ஃபிஷ்ஷுக்கு 26, 27 போதும். அதற்கு மேல் ஏற்றினால் அது மூச்சுக்குத் திணறும்.

இப்போது உப்பு. பொடி உப்பு வேண்டாம். அதில் கட்டியாகாமல் இருக்க வேறு பொருள் சேர்த்திருப்பார்கள். எதுவும் கலக்காத கல்லுப்பு. லிட்டருக்கு 2 கிராம் என்பது பெரும்பாலான மீன்களுக்குச் சரியான அளவு. கோல்டு ஃபிஷ், மோலி, கப்பி எல்லாம் 3 கிராம் தாங்கும். நம் 45 லிட்டர் தொட்டிக்கு 2 கிராம் வீதம் 90 கிராம். இதை மூன்றாகப் பிரித்து, தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள். கல்லாக உள்ளே போட்டால் அடியில் கிடக்கும் உப்பில் மீன் படுத்துத் தோல் வெந்துபோகும்.

கோரி, லோச் போன்ற செதில் இல்லாத அல்லது மிகச் சிறிய செதில் உள்ள மீன்களுக்கும் நியான் டெட்ராவுக்கும் 1 கிராமோடு நிறுத்திக்கொண்டு வெப்பத்தைக் கூடுதலாக நம்புங்கள். செடி, நத்தை, இறால் இருக்கும் தொட்டி என்றால் மீன்களை மட்டும் கல் இல்லாத தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். மீன் இல்லாத பழைய தொட்டியை 28 டிகிரியில் இரண்டு வாரம் அப்படியே ஓடவிட்டால் அங்கே வெளிவரும் குட்டிகள் இரை இல்லாமல் செத்துவிடும்.

உப்பு விஷயத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பு ஆவியாவதில்லை. குறைந்ததை நிரப்பும்போது வெறும் தண்ணீர் மட்டும். ஆனால் 10 லிட்டரை எடுத்துவிட்டு 10 லிட்டர் புதிதாக ஊற்றினால், அந்த 10 லிட்டருக்கு உரிய 20 கிராமை மட்டும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முழு 90 கிராமைப் போட்டு ஒரு வாரத்தில் தொட்டியையே கடலாக்கிய ஒரு தம்பி எங்கள் தெருவில் இருக்கிறான். பாவம், நல்ல அக்கறையோடுதான் செய்தான். அன்றிலிருந்து யாருக்குச் சொன்னாலும் இந்தக் கணக்கை எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

8. மருந்து எப்போது

சீக்கிரம் கண்டுபிடித்திருந்தால் வெப்பமும் உப்புமே போதும். மூன்று நாளுக்குப் பிறகும் புதுப் புள்ளி கூடிக்கொண்டே போனால், அல்லது மீன் ஏற்கெனவே சாப்பாட்டை நிறுத்தியிருந்தால் மருந்துக்குப் போங்கள். மலாக்கைட் கிரீனும் ஃபார்மலினும் கலந்த தயார் மருந்துதான் இக்குக்கு நன்றாகக் கேட்கிறது. பொடியாகவோ கேனிலோ வாங்கி வீட்டில் கலக்க வேண்டாம். இரண்டுமே மனிதருக்கும் கேடானவை. கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்த மருந்தை ஊற்றாதீர்கள், அந்தப் படிவு மீனுக்குக் கடும் நஞ்சு.

அளவு பாட்டிலில் உள்ளபடி. கோரி, லோச், டெட்ரா இருந்தால் பாதி. ஒவ்வொரு முறையும் ஊற்றுவதற்கு முன் கால் பங்கு தண்ணீர் மாற்றி, விளக்கை அணைத்துவிடுங்கள், வெளிச்சத்தில் மலாக்கைட் கிரீன் சீக்கிரம் வீரியம் இழக்கும். மருந்து ஊற்றும் நாட்களில் 30 டிகிரி வேண்டாம், 27, 28-ல் வையுங்கள். ஃபார்மலினும் ஆக்சிஜனைக் குறைக்கும், சூடும் குறைக்கும். இரண்டையும் ஒன்றாக ஏற்றினால் இரவோடு இரவாக மீன் மிதக்கும்.

மெத்திலின் ப்ளூவைப் பெரிய தொட்டியில் ஊற்றாதீர்கள். ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்று அம்மோனியாவைக் கிளப்பிவிடும். தனித் தொட்டிக்கு மட்டும்தான் அது.

9. எந்த நாளில் நிறுத்துவது

கடைசிப் புள்ளி மறைந்த நாளை நோட்டில் வட்டமிடுங்கள். எண்ணுவது அங்கிருந்துதான் தொடங்குகிறது. நான் கடைப்பிடிக்கும் கணக்கு இது: 28 முதல் 30 டிகிரி என்றால் அதன்பின் ஏழு நாள், மொத்தத்தில் இரண்டு வாரத்துக்குக் குறையாமல். 24, 25 என்றால் அதன்பின் பத்து நாள். ஹீட்டர் இல்லாமல் 17, 18-ல் இருக்கும் மலைத் தொட்டி என்றால் அதன்பின் மூன்று வாரம் உப்பு குறையாமல் இருக்க வேண்டும்.

இடையில் ஒரு புள்ளி தெரிந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து. கஷ்டமாக இருக்கும், தெரியும். பதினோராம் நாள் மீன் பளபளவென்று ஓடியாடும்போது உப்பை எடுத்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும். பொறுங்கள்.

முடிந்ததும் நாளுக்குக் கால் பங்கு வீதம் வெறும் தண்ணீர் மாற்றி உப்பைக் குறையுங்கள். வெப்பத்தையும் நாளுக்கு ஒரு டிகிரியாக இறக்குங்கள். ஏற்காட்டில் ஹீட்டரைக் கழற்றவே வேண்டாம். குளிர்காலம் முழுக்க 22, 23-ல் ஒரே சீராக நின்றால் பாதிப் பிரச்சினை வராது. சேலத்திலும் ஐப்பசி மழையிலிருந்து தை வரை பகலுக்கும் இரவுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். ஜன்னலோரத் தொட்டியை உள்ளே தள்ளுங்கள்.

10. புள்ளி இல்லாத மற்ற ஒட்டுண்ணிகள்

மீன் உரசுகிறது, புள்ளி இல்லை, ஒரு பக்கச் செவுள் மட்டும் அசைகிறது, உப்பு போட்டும் சரியாகவில்லை என்றால் செவுள் தட்டைப்புழுவாக இருக்கலாம். இதற்கு பிரசிக்வாண்டெல், லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராம். செவுளில் வாழும் வகை முட்டையிடும், முட்டையை மருந்து தொடாது. சூடான தண்ணீரில் ஒரு வாரம் கழித்தும், குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று வாரம் கழித்தும் மறுபடி போட வேண்டும். இங்கேயும் அதே கதைதான்: முதல் தடவையோடு நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது.

கப்பியின் பின்புறத் துவாரத்தில் சிவப்பு நூல் போலத் தொங்கினால் அது குடற்புழு. லெவாமிசோல், லிட்டருக்கு 2 மில்லிகிராம், ஒரு நாள் முழுக்க. அப்புறம் அடியை நன்றாக உறிஞ்சி, தண்ணீரை மாற்றி, மூன்று வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை.

நங்கூரப் புழு கண்ணுக்கே தெரியும். குச்சி போல உடம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். ஈரத் துணியில் மீனைப் பிடித்து, ட்வீசரால் அதன் அடியைப் பற்றி இழுங்கள். நுனியைப் பிடித்தால் தலை உள்ளேயே அறுந்து புண்ணாகும். தண்ணீரில் குட்டிகள் இருக்கும் என்பதால் மூன்று நான்கு வாரம் தினமும் பார்த்து, தெரிவதை எடுத்துக்கொண்டே இருங்கள்.

வெல்வெட்டுக்கு வெப்பம், உப்பு இரண்டோடும் இருட்டும் வேண்டும். தொட்டியைப் போர்வையால் மூடுங்கள். அந்த உயிரி வெளிச்சத்திலிருந்தும் சத்தெடுக்கும்.

11. மறுபடி உள்ளே விடாமல் இருக்க

நம் ஊர்க் கடைகளுக்கு மீன் பெரும்பாலும் கொளத்தூரிலிருந்து வரும். மேட்டூர்ப் பக்கத்துக் கொளத்தூர் அல்ல, சென்னைக் கொளத்தூர். பையில் பல மணி நேரம் பயணம் செய்து, கடைத் தொட்டியில் பல இடத்து மீனோடு கலந்து, களைத்துப்போன நிலையில் நம் கைக்கு வருகிறது. கடையில் புள்ளி இல்லை என்பதை நம்பாதீர்கள். தனித் தொட்டியில் சேலத்தில் மூன்று வாரம், ஏற்காட்டில் ஹீட்டர் இல்லை என்றால் ஆறு வாரம் வைத்துப் பாருங்கள். ஹீட்டர் வைத்து 27-ல் நிறுத்தினால் மலையிலும் மூன்று வாரம் போதும். இருபது லிட்டர் பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு பைப் துண்டு, அவ்வளவுதான் செலவு.

பை தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். புதுச் செடியையும் மீன் இல்லாத தண்ணீரில் இரண்டு வாரம் போட்டு வையுங்கள். உறை அதன் இலையில் ஒட்டி வரும்.

உயிருள்ள சிவப்புப் புழு போடுவதை நான் நிறுத்திவிட்டேன். சாக்கடை நீரில் பிடித்து வருவது. எதைக் கொண்டுவருகிறது என்று யாரும் சொல்ல முடியாது. உலர்ந்ததோ உறைந்ததோ போதும்.

பக்கத்து வீட்டுக்கு வலை, சைஃபன் இரவல் கொடுத்து வாங்கினால் முழுதாகக் காயவிட்ட பிறகே தொட்டிக்குள் விடுங்கள். ஈரம் போனால் இக்கின் எந்தக் கட்டமும் பிழைக்காது. சேலத்து வெயிலில் மொட்டை மாடியில் ஒரு பகல் போதும். ஏற்காட்டில் பனி மூடிய நாட்களில் துணியே காயாது, வலை எங்கே காயும்? அங்கே இரண்டு வலை வைத்துக்கொள்வதுதான் நல்லது.

சிகிச்சையின்போது எடுத்த தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீரைக் காபிச் செடிக்கோ மிளகுக் கொடிக்கோ ஊற்றினால் வேர் கருகும். மருந்துத் தண்ணீரும் சரி, பிழைக்காது என்று தோன்றும் மீனும் சரி, ஏற்காடு ஏரிக்கோ மூக்கனேரிக்கோ போகக் கூடாது.